ஸ்டீயரிங் ஒருவர் கையில், பெர்மிட் இன்னொருவர் பெயரில்

மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது, பால்மரக் காட்டை விட்டு வெளியே வந்த குடும்பங்களின் பிள்ளைகளில் பலருக்குக் கிடைத்த பிழைப்பு லோரி. செம்பனைக் குலையை ஆலைக்கு ஏற்றுவது, மணல், கல் அடிப்பது, கிள்ளான் துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டுபோவது. சில வருடம் சம்பளத்துக்கு ஓட்டியவரிடம் முதலாளி ஒருநாள் சொல்வார்: “எத்தனை காலத்துக்குக் கூலிக்கு ஓட்டுவே தம்பி? வண்டிய நீயே எடுத்துக்கோ. மாசாமாசம் பிடிச்சிக்கிறேன். கணக்கு முடிஞ்சா வண்டி உனக்கு.” ஓட்டுநர் தலையாட்டுகிறார். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அப்படியிருக்க, இந்த ஏற்பாட்டில் அநியாயம் என்று எதைச் சொல்வது?

முதலாளி தரப்பில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. சம்பளச் சீட்டு இல்லாத, சேமநிதியில் பெரிதாக ஒன்றும் சேராத ஒருவருக்கு லோரிக் கடன் கொடுக்க வங்கி தயங்கும். முதலாளி தன் பெயரில் கடன் எடுக்கிறார். ஓட்டுநர் பாதியில் வண்டியைப் போட்டுவிட்டுப் போனாலும் வங்கி தேடி வருவது அவரைத்தான். அந்த ஆபத்துக்கு ஒரு விலை வைப்பது வியாபாரம், அதில் குற்றமில்லை. இப்படி ஒரு வண்டி எடுத்து, பிறகு மூன்று நான்கு வண்டிக்குச் சொந்தக்காரர் ஆனவர்களின் கதைகளும் காப்பிக்கடையில் சொல்லப்படுவதுண்டு. அடுத்தவரைத் தலையாட்ட வைப்பது அந்தக் கதைகள்தான்.

சிக்கல் விலையில் இல்லை. தவணையை வாங்குகிற கையே லோட்டையும் பங்கிடுகிறது. தீபகற்ப மலேசியாவில் பிறர் சரக்கைக் கூலிக்கு ஏற்ற, 2010-ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி ‘ஏ’ வகை பெர்மிட் வேண்டும். அது நிறுவனத்தின் பெயரில் இருக்கும். 2024 ஜூன் 10 அன்று டீசல் விலை லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35-க்கு ஏறியபோது, சரக்கு லோரிகளுக்குப் பழைய விலையைத் தந்த அட்டையும் நிறுவனத்துக்குத்தான் வந்தது. ஆக வேறிடத்தில் லோட் தேட வழியில்லை. எண்ணெய் போடவும் முதலாளியின் தயவு வேண்டும். டயரும் சம்மனும் புஸ்பாகோம் சோதனைச் செலவும் மட்டும் ஓட்டுநர் கணக்கு. லோட் குறைந்தால் தவணை தவறும். தவறினால் வண்டி திரும்பிப் போகும், கட்டிய பணம் திரும்பி வராது. அதே லோரி, அதே பேச்சோடு, அடுத்த தம்பிக்குப் போகும். வாங்கியவர் தோற்றால் விற்றவருக்கு லாபம் வரக்கூடிய வியாபாரம் இது. இதில் விற்றவரின் நல்ல மனசை மட்டும் நம்பி ஒருவர் தன் உழைப்பின் நல்ல வருடங்களை வைக்கிறார்.

எல்லாம் கட்டி முடித்தவர் கதியும் முழுசாக மாறிவிடுவதில்லை. வண்டி கைக்கு வரும், பெர்மிட் வராது. அதற்கு மாதாமாதம் பஜாக், அதாவது பெர்மிட் குத்தகைப் பணம் தொடரும்.

சட்டம் காப்பாற்றாதா? 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறி, 21 நாள் நோட்டீஸ் கொடுத்த பிறகே காரை இழுக்க முடியும். முக்கால் பங்கு கட்டிவிட்டால் நீதிமன்ற ஆணை வேண்டும். ஆனால் சரக்கு வண்டிகளில் சுமையோடு 2,540 கிலோவுக்கு மேற்படாதவைதான் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. பெரிய லோரி வாங்குகிறவர் விவரமறிந்த வியாபாரி, தன்னைத் தானே பார்த்துக்கொள்வார் என்று சட்டம் எண்ணியிருக்க வேண்டும். விளைவு, வங்கித் தவணையில் எடுத்து வாசலில் நிறுத்தியிருக்கும் மைவி காருக்கு உள்ள பாதுகாப்பு, அந்த வீட்டுக்கே சோறு போடும் பத்துச் சக்கர லோரிக்கு இல்லை.

மலாக்காவுக்குக் கடனோடு கட்டிய உழைப்பு புதிதல்ல. தோட்ட முதலாளி தான் சாய் யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டு, பிறகு புக்கிட் ஆசகானில் விரித்த காலம், கப்பல் செலவை உழைத்துக் கழித்த ஒப்பந்தக் கூலிகளின் காலம். இந்தியாவிலிருந்து அந்த முறையில் ஆள் எடுப்பது 1910-இல் நின்றது. இன்றைய ஓட்டுநரை அவர்களோடு சேர்ப்பது மிகை. அவர் எந்த நாளும் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போகலாம். ஆனால் கட்டிய தொகை ஏற ஏற, விட்டுப்போவதன் விலையும் ஏறுகிறது. முதல் மாதம் சுதந்திரமாக இருந்தவர் நாற்பதாவது மாதம் அப்படி இல்லை.

தவணையே தீமை என்றும் ஆகாது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட நாளில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகத்தான் கட்டினார்கள். அங்கே கட்டியவரே உறுப்பினர். கணக்குக் கேட்க அவருக்கு வாயிருந்தது. அமெரிக்காவிலோ, லோரி ஓட்டுநர்களிடம் நடக்கும் இதே மாதிரி வியாபாரத்தை ஆராய்ந்த அரசுக் குழு, 2025 ஜனவரியில் அதைத் தடை செய்யவே பரிந்துரைத்தது.

இருவர் சம்மதித்தார்கள் என்ற வாதத்துக்கு இன்னொரு ஓட்டையும் உண்டு. தவணை நெருக்கினால் தூக்கம் குறையும், தேய்ந்த டயர் இன்னொரு மாதம் ஓடும், ஓவர்லோட் ஏறும். எதிரே மோட்டார் சைக்கிளில் வருகிறவர் எதற்கும் சம்மதிக்கவில்லை. 2025 மே 13 அன்று தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி மோதிக் கலகத் தடுப்புப் போலீசார் ஒன்பது பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறிய சுமையும், வண்டியை மூன்றாம் ஆளுக்குக் குத்தகைக்கு விட்டிருந்ததும் விசாரணையில் வெளிவந்தன. ஓட்டியவர் பொறுப்பு இதனால் குறையாது. பெர்மிட்டைக் கொடுத்துக் காசு வாங்கியவர் பொறுப்பு அதற்குச் சமமாக எழ வேண்டும்.

இத்தனைக்கும் பெரும்பாலும் ஒரு துண்டுக் காகிதம் இருப்பதில்லை. முதலாளியும் தமிழர், ஒரு காலத்தில் ஓட்டுநர், கோயில் திருவிழாவில் முன்னே நிற்பவர். “அண்ணன் தம்பிக்குள்ள எதுக்குப் பேப்பரு?” என்று அவர் கேட்டால், பதில் பேசுவது மரியாதைக் குறைவாகிவிடும். கை ஓங்கியிருப்பவர் உறவைச் சொல்லிக் காகிதத்தைத் தவிர்ப்பது நேர்மையல்ல. காகிதத்தை அவர்தான் முதலில் நீட்ட வேண்டும். 2023 முதல் வேலைச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு வந்திருக்கிறது: எழுத்து ஒப்பந்தம் இல்லாத இடத்தில், வேலையையும் நேரத்தையும் ஒருவர் கட்டுப்படுத்தினால், மாறாக நிரூபிக்கப்படும் வரை அவரை முதலாளி என்றே சட்டம் கொள்ளும். காகிதம் வேண்டாம் என்றவருக்கே அது பாதகமாகலாம்.

தெலுக் இந்தானுக்குப் பிறகு பஜாக்கின் மேல் அரசு கை வைத்திருக்கிறது. தேவைதான். ஆனால் பெர்மிட் ரத்தாகும் நாளில் நிறுவனம் இழப்பது ஓர் உரிமம். நான்கு வருடம் கட்டிய ஓட்டுநர் இழப்பது அந்த நான்கு வருடத்தை. பஜாக்கை ஒழிக்க வரும் அதிகாரி, இந்த லோரிக்கு யார் எவ்வளவு கட்டியிருக்கிறார்கள் என்று முதலில் கேட்டாக வேண்டும். இன்றைக்கு அந்தக் கணக்கு பல இடங்களில் முதலாளியின் நோட்டுப் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது.