பாட்டு முடியட்டும்

ஸ்பாட்டிஃபை செயலிக்குச் சந்தா கட்டுகிறவர்கள், தாங்கள் சேர்த்து வைத்திருக்கும் பாடல் பட்டியலை ஒரு டிஜே போடுவதைப் போல இடைவெளி இல்லாமல் கோத்துக்கொள்ளும் வசதி 2025 ஆகஸ்டில் அறிமுகமானது. பட்டியலைத் திறந்து ‘மிக்ஸ்’ என்பதைத் தொட்டால் ஒவ்வொரு பாட்டின் வேகமும் சுருதியும் தெரிகின்றன. ஒரு பாட்டின் கடைசிப் பகுதியும் அடுத்த பாட்டின் முதல் பகுதியும் அலைவடிவமாகத் திரையில் விரிய, எந்தத் தாளத்தில் ஒன்று தணிந்து மற்றது எழ வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம். அந்தச் சிரமமும் வேண்டாம் என்பவருக்கு ‘ஆட்டோ’ இருக்கிறது. அடுத்த மாதமே ஐஓஎஸ் 26 உடன் ஆப்பிள் மியூசிக்கிலும் ‘ஆட்டோமிக்ஸ்’ வந்துவிட்டது. ஆண்டுக்கணக்கில் பழகினால்தான் கைகூடும் என்றிருந்த ஒரு திறமை இப்படி எல்லோருக்கும் எட்டியதில் வருந்த ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் திறமை எதற்காகப் பிறந்தது, இப்போது நாம் அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று யோசித்துப் பார்த்தால், நம் நாட்களைப் பற்றிக் கொஞ்சம் கவலை தரும் ஒரு விஷயம் தெரியவருகிறது.

பாட்டோடு பாட்டைத் தாளம் பிசகாமல் சேர்க்கும் வித்தை பெரும்பாலும் நியூயார்க்கின் நடனக் கூடங்களில் வளர்ந்தது. 1960களின் இறுதியில், முன்பு தேவாலயமாக இருந்த ஒரு கட்டடத்தில் நடந்த ‘சாங்சுவரி’ என்ற கூடத்தில் பிரான்சிஸ் கிராஸோ என்ற இளைஞர் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு இசைத்தட்டு கூடத்தில் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றை ஹெட்ஃபோனில் கேட்டு, அதைச் சுழலவிடாமல் விரலால் பிடித்து வைத்திருந்து, சரியான தாளத்தில் விடுவிப்பார். ஆடுகிறவர்கள் நிற்க வேண்டியிருக்கவில்லை. 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்க்ஸ் பகுதியின் செட்ஜ்விக் அவென்யூ குடியிருப்பு ஒன்றில், தங்கை ஏற்பாடு செய்த விருந்துக்குப் பாட்டுப் போட்ட கூல் ஹெர்க் செய்ததும் இதற்கு நெருக்கமான காரியம்தான். பாட்டின் நடுவே பாடகர் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளுக்காகவே இளைஞர்கள் காத்திருப்பதைக் கவனித்தவர் அவர். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு அந்தச் சில நொடிகளை நிமிடக்கணக்கில் நீட்டினார். பின்னாளில் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 சுழல்தட்டு வந்து, வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டவும் குறைக்கவும் வழி செய்தது. ஆனால் தட்டின் வேகத்தைக் கூட்டினால் சுருதியும் கூடவே ஏறும். ஏறத்தாழ 6 சதவீதத்தில் அரைச் சுரமே மாறிவிடும். ஆகவே எந்தப் பாட்டு எந்தப் பாட்டோடு சேரும் என்பது, இரண்டையும் மனப்பாடமாகக் கேட்டு வைத்திருந்தவருக்கே தெரிந்தது.

இந்த முயற்சிகள் எல்லாவற்றுக்கும் பின்னால் எதிரே நிற்கும் மனிதர்கள் இருந்தார்கள். அவர்கள் களைத்திருக்கிறார்களா, இன்னும் ஆட விரும்புகிறார்களா, இப்போது கொஞ்சம் நிதானம் தேவையா என்பதை அவர்கள் முகத்திலிருந்தும் கால்களிலிருந்தும் தெரிந்துகொண்டு, அடுத்த தட்டைத் தேர்ந்தெடுப்பதுதான் வேலையே. தாளம் பொருத்துவது அந்த வேலையின் ஒரு பகுதி மட்டும்.

இன்று நாம் அதே வித்தையைக் காதில் மாட்டிய இயர்ஃபோனுக்காகச் செய்துகொள்கிறோம். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறவர், இரவுச் சமையலை முடிக்கிற பெண், அலுவலக மேசையில் கணக்குப் பார்க்கிறவர், யாரும் ஆடிக்கொண்டிருக்கவில்லை. நின்றுபோனால் கலைந்துபோகக் கூடிய கூட்டம் எதுவும் அங்கே இல்லை. இருந்தும் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த இரண்டு மூன்று நொடி நமக்குப் பொறுக்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும் தொடரின் ஒரு பகுதி முடிவதற்குள் அடுத்ததற்கான எண்ணிக்கை ஓடத் தொடங்குகிறது. ஒரு காணொளியைத் தள்ளினால் இன்னொன்று வருகிறது. எதுவும் தானாக முடிந்து, முடிந்தது என்று நமக்குச் சொல்லும் தருணங்கள் நம் நாளில் வெகுவாகக் குறைந்துவிட்டன. பாட்டு ஒன்றுதான் நான்கைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நம்மை விட்டுக்கொண்டிருந்தது. கேட்டது மனதில் இறங்குவது அந்த நொடிகளில்தான். ஒரு வரி நம்மை ஏன் அப்படித் தொட்டது, யாருடைய நினைவு அதோடு வந்தது என்பதெல்லாம் பாட்டு ஓடும்போது தெரிவதில்லை. தாளம் நின்ற பிறகு, அடுத்தது வருவதற்குள் தெரிகிறது.

கோப்பதை நன்றாக அறிந்தும் அதை விட்டுவிட்ட ஒருவரை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். டேவிட் மன்குசோ 1970இல் நியூயார்க்கின் பிராட்வேயில் தான் குடியிருந்த மாடித்தளத்திலேயே அழைப்பின்பேரில் நண்பர்களைக் கூட்டி ‘தி லாஃப்ட்’ என்ற இரவு விருந்துகளைத் தொடங்கினார். அங்கே மது விற்கவில்லை; உணவும் பழரசமும் பொதுவில் இருந்தன. வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட கறுப்பினத்தவர்களும் லத்தீன் அமெரிக்கர்களும் ஓரினச்சேர்க்கையாளர்களும் அச்சமின்றிச் சேர்ந்து ஆடக் கிடைத்த சில இடங்களில் அது ஒன்று. தொடக்க ஆண்டுகளில் அவரும் பாட்டுகளைக் கோத்தவர்தான். பிறகு மிக்ஸரையே ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு தட்டையும் முதலிலிருந்து கடைசிவரை, அதன் வேகத்தை மாற்றாமல், பாடியவர்களும் வாசித்தவர்களும் எப்படிக் கொடுத்தார்களோ அப்படியே ஒலிக்கவிட்டார். பாட்டு முடியும், ஆடியவர்கள் கைதட்டுவார்கள், அடுத்தது தொடங்கும். அந்த இடைவெளியால் அங்கே கூட்டம் கலையவில்லை. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற லாரி லெவன், பிரான்கி நக்கிள்ஸ் போன்ற டிஜேக்கள் இளம் வயதில் வந்து ஆடிய இடம் அது. இசையை உருவாக்கியவருக்கும் கேட்பவருக்கும் நடுவே தான் நிற்கக் கூடாது என்பதுதான் மன்குசோவின் எண்ணம். கைவசம் உள்ள ஒரு திறமையைப் பயன்படுத்தாமல் இருக்கும் கட்டுப்பாடு எளிதாக வருவதல்ல. 2016இல் மறைந்த அவர்மேல் எனக்குப் பெரும் மரியாதை உண்டு.

பாட்டுகளும் இதற்குள் மாறிவிட்டன. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2017இல் வெளியான ஓர் ஆய்வு, 1980களின் நடுவில் 20 நொடிக்கு மேல் இருந்த வெற்றிப் பாடல்களின் தொடக்க இசை 2015 வாக்கில் 5 நொடியளவுக்குச் சுருங்கிவிட்டதைக் காட்டியது. ஸ்பாட்டிஃபையில் 30 நொடி கேட்டால்தான் ஒரு கேட்பு கணக்கில் சேரும் என்ற நிலையில், பொறுமையைக் கேட்கும் தொடக்கத்தை எழுத யாருக்குத் துணிவு வரும்? நம் திரைப்பாடல்களுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்துகிறது. 1970களிலும் 80களிலும் வந்த தமிழ்ப் பாடல்களில் பல்லவிக்கு முன் வரும் வயலின்களும் புல்லாங்குழலும் வெறும் நுழைவாயில் அல்ல, இளையராஜாவின் பாடல்களில் அதுவே தனிப் படைப்பு. மிக்ஸ் முதலில் கை வைப்பது பாட்டின் இந்தத் தலையிலும் வாலிலும்தான். தவிர, மனிதர்கள் சேர்ந்து உட்கார்ந்து வாசித்த பாட்டின் தாளம் இயந்திரத் தாளத்தைப் போல நேர்க்கோட்டில் போவதில்லை. சரணத்துக்குப் போகும்போது இம்மியளவு முந்தும், திரும்பும்போது அடங்கும். ஹவுஸ், டெக்னோ போன்ற சீரான தாள இசைக்கு இந்தக் கருவி நன்றாகப் பொருந்துவதும், பழைய பாட்டுகளில் தடுமாறுவதும் இதனால்தான்.

இவ்வளவு சொன்னபின், கருவியையே பழிப்பது நியாயமாகாது. ‘ஆட்டோ’வைத் தொடாமல், தானே உட்கார்ந்து இரண்டு பாட்டுகளைச் சேர்த்துப் பார்க்கிற ஒருவர், ஒரு பாட்டு எப்படி முடிகிறது என்பதை ஒருவேளை வாழ்க்கையில் முதல்முறையாகக் கவனிக்கிறார். மெல்லத் தேய்ந்து போகிறதா, சட்டென்று நிற்கிறதா, தொடங்கிய சுரத்துக்கே வந்து சேர்கிறதா என்று பத்து முறை கேட்டுத்தான் அவரால் முடிவெடுக்க முடியும். கேசட் காலத்தில் ரெக்கார்டிங் சென்டருக்குக் கொடுக்க, அறுபது நிமிடத்துக்குள் அடங்கும்படி வரிசை மாற்றி மாற்றிப் பட்டியல் எழுதியவர்களிடம் இருந்த அக்கறையே இதுவும். நண்பர் வீட்டுக் கல்யாண வரவேற்புக்கோ, கல்லூரி நண்பர்கள் கூடும் மாலைக்கோ ஒருவர் இப்படிக் கோத்துக் கொடுத்தால், அந்த வித்தை தான் பிறந்த இடத்துக்கே போய்ச் சேர்கிறது. எதிரே மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்கள் நிற்காமல் ஆட வேண்டும் என்ற நல்ல காரணமும் இருக்கிறது.

ஆகவே கூடி மகிழும் நாளுக்கு, நேரம் எடுத்து, உங்கள் காதையே நம்பிக் கோத்துக் கொடுங்கள். தனியாகக் கேட்கும்போது மட்டும் பாட்டை அதன் தொடக்கத்தோடும் முடிவோடும் கேளுங்கள். சேர்த்து வைத்த இணைப்புகள் அதனால் அழிந்துவிடாது; ‘மிக்ஸை’ எப்போது வேண்டுமானாலும் அணைக்கலாம், திரும்பவும் போட்டுக்கொள்ளலாம்.