திக்விரதமும் இன்பச் சுற்றுலாவும்



விடுமுறை வந்துவிட்டால் வெளிநாட்டுச் சுற்றுலா என்பது நம் இல்லங்களிலும் வழக்கமாகிவிட்டது. பர்மா எனப்பட்ட மியான்மரில், பகான் நகரின் பழங்கோயில்களைக் காண விழைவது இயல்பே. ஆயினும், குடிமக்களை வதைக்கும் ஆட்சி நடக்கும் நாட்டிற்கு இன்பப் பயணம் செல்லலாமா என்று இல்லறத்தாராகிய நாம் வினவிக்கொள்ளுதல் வேண்டும்.

1962இல் படைத்தலைவர்கள் அந்நாட்டின் ஆட்சியைப் பறித்தனர். தொடர்ந்து கடைகள் அரசுடைமையாக்கப்பட, தமிழர் பல்லாயிரவர் வெறுங்கையராய்க் கப்பலேறிய வரலாற்றை நம்மில் மூத்தோர் அறிவர். 1990இல் பழைய பகானில் குடியிருந்தோர் வலுக்கட்டாயமாக வேறிடம் பெயர்க்கப்பட்டனர். 1996ஐச் சுற்றுலா ஆண்டாக அறிவித்தவர்கள், அதற்கு முன்னரே மாண்டலே அரண்மனை அகழியைத் தூர்வாரக் கைதிகளையும் ஊர்மக்களையும் கூலியின்றி வேலை வாங்கினர். கட்டாய உழைப்பு அங்கே பரவலாக இருந்ததைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் விசாரணைக் குழு 1998இல் எடுத்துரைத்தது.

“நாம் யாரையும் வருத்தவில்லையே, பார்த்துவிட்டுத்தானே வருகிறோம்” என்பர் நம் இளைஞர். நாம் உருட்டும் ஜபமாலையின் 108 மணிகளுக்கு நம் பெரியோர் சொல்லும் கணக்கை அவர்க்கு நினைவூட்டுவோம். எண்ணுதல், ஆயத்தம் செய்தல், தொடங்குதல் என்னும் மூன்றும் மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றாலும் பெருகும். அவை செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என விரிந்து, நான்கு கஷாயங்களோடு உறழ்ந்து 108 வகை வினைவாயில்கள் ஆகின்றன. இதில் உடன்படுதல் மூன்றில் ஒரு பங்கு. அது சிறு பங்கன்று. திருடாமை விரதத்திலும், கள்வர் கொணர்ந்த பொருளை ஏற்பது குற்றமாகவே வைக்கப்பட்டுள்ளது. பிறருடைய உழைப்பைக் களவாடி அழகுபடுத்திய இடத்தைக் கட்டணம் செலுத்திக் கண்டு களிப்பது அதற்கு வெகு தொலைவில் இல்லை.

ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் அநர்த்ததண்டத்தின் வகைகளைக் கூறுமிடத்து, பயனின்றி நிலத்தையும் நீரையும் கலக்குதலோடு வீணே அலைதலையும், பிறரை அலையச் செய்தலையும் சேர்த்தே எண்ணுகின்றார். (அலையச் செய்தல் என்பதைப் படிக்கையில் சுற்றுலா முகவர்களை நினையாதிருக்க முடிவதில்லை!) திக்விரதம் பூண்டோர் பத்துத் திசைகளிலும் எல்லை வகுத்துக்கொள்வர். அவ்வெல்லைக்கு அப்பால் அவர்தம் நுண்ணிய தீவினைகளும் நின்றுவிடுவதால், அங்கே அவருடைய அணுவிரதம் மகாவிரதத்தின் தன்மையை எய்தும் என்பது நூற்கருத்து. செல்லாமையும் ஒரு நோன்பே என்பதை இக்காலத்தார் மறந்தனர்.

எனினும் இதனைக் கண்மூடிய விதியாக்குதல் தகாது. பயணிகள் வரவேண்டா என்று 1990களில் கேட்டுக்கொண்ட ஆங் சான் சூகியின் கட்சி, 2011இல் பெருங்குழுச் சுற்றுலாவை மட்டும் விலக்கி, மக்களோடு பழக வருவோரை வரவேற்றது. படகோட்டியும் சிறு விடுதிக்காரரும் பிழைக்க வேண்டுமே என்ற வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. பின்னர் 2017இல் ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்ட ரோகிங்கியர் வங்கதேசத்திற்கு விரட்டப்பட்டனர். 2021 பிப்ரவரி 1இல் படையினர் மீண்டும் ஆட்சியைக் கவர்ந்தனர். இவற்றிற்குப் பின், கேளிக்கைக்காக அங்கே செல்வதற்கு நம்மிடம் தக்க காரணம் ஏதும் இருப்பதாகத் தோன்றவில்லை.

யாங்கோனிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் இன்றும் தமிழர் வாழ்கின்றனர். நோயுற்ற உறவினரைக் காணவும், மருந்தும் உணவும் கொண்டு சேர்க்கவும் செல்வோர் உளர். அவர் செலவு பயனற்ற அலைதலன்று. அவரைத் தடுப்பது அறமுமாகாது. அத்தகையோர் படையினருக்கு உரிமையான விடுதிகளை விலக்கி, சிறு வணிகரிடமே தம் பணத்தைச் செலவிடுவாராக.