முகம் தெரியாத கட்சிக்காரர்

சட்டம் படிக்கிற பிள்ளைகள் அடிக்கடி கேட்பார்கள்: "அண்ணா, அப்பீல் பக்கம் போறதுதானே கௌரவம்?" கௌரவம்தான். ஆனால் இந்தத் தொழிலில் மேலே போகப் போக, யாருக்காகப் பேசுகிறோமோ அவருடைய முகம் மறைந்துகொண்டே போகும்.

விசாரணை நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் கூண்டில் நிற்பார். சாட்சி திணறுவது நீதிபதியின் கண்ணுக்குத் தெரியும். மேல்முறையீட்டில் இருப்பது ஒரு கட்டுக் காகிதம்தான். கட்சிக்காரர் புழல் சிறையில் இருப்பார். நான் உயர் நீதிமன்றத்தில் பேசிக்கொண்டிருப்பேன். வளர்ந்து 'சீனியர் அட்வகேட்' ஆகிவிட்டால் வக்காலத்து போடக் கூடாது, கட்சிக்காரரிடம் நேரடியாக வழக்கு வாங்கவும் கூடாது. அது விதி. டெல்லிக்குப் போனால் நடுவில் 'அட்வகேட் ஆன் ரெக்கார்ட்' என்று இன்னொருவர்.

இந்தத் தூரம் சரியா?

சரி என்பதற்கு வலுவான காரணம் உண்டு. ஊரே கொதிக்கிற கொலை வழக்கில், பக்கத்தில் நிற்பவர்களின் மனதில் தீர்ப்பு முதலிலேயே எழுதப்பட்டிருக்கும். தூரத்தில் இருந்து பார்ப்பவர்தான் "இது நிரூபணம் ஆகியிருக்கிறதா?" என்று நிதானமாகக் கேட்க முடியும். "ஆளைப் பாக்காதப்பா, ரெக்கார்டைப் பாரு" என்று சீனியர்கள் சொல்வது இதற்காகத்தான்.

ஆனால் ரெக்கார்டு தானாகப் பேசுமா?

2003-இல் நாசிக் மாவட்டத்தில் நடந்த ஒரு கொலை வழக்கில் 6 பேருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. பம்பாய் உயர் நீதிமன்றம் அதில் 3 பேருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2009-இல் உச்ச நீதிமன்றம் 6 பேருக்குமே தூக்கு என்றது. 2019-இல் அதே உச்ச நீதிமன்றம் 6 பேரையும் விடுதலை செய்தது. உயிர் பிழைத்த பெண், போலீஸ் காட்டிய புகைப்படங்களில் வேறு நால்வரை அடையாளம் காட்டியிருந்தார். போலீஸ் அவர்களை விசாரிக்கவில்லை என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. எந்தச் சாட்சியையும் மறுபடி கூண்டில் ஏற்றவில்லை. வழக்கு அதேதான், நீதிமன்றமும் அதேதான். வாசிப்புதான் வேறு. நடுவில் போனது 6 பேருடைய 10 வருடம்.

ஆக, தூரம் மட்டுமே நியாயத்தைத் தந்துவிடாது. அது கோபத்தைக் குறைக்கும். கூடவே அக்கறையையும் குறைத்துவிடும்.

நம்மூர் சாட்சியங்களில் ஒரு வரி திரும்பத் திரும்ப வரும்: "நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல." எந்த மனுஷன் இப்படிப் பேசுவான்? வக்கீலின் கேள்வியையும் சாட்சியின் "இல்லீங்க"வையும் சேர்த்து எழுதிய கோர்ட் பாஷை அது. உயர் நீதிமன்றத்தில் அதையும் ஆங்கிலமாக்கி வாசிப்போம். அதற்குள் பேசியவரின் குரல் இரண்டு முறை மாறியிருக்கும். அந்தக் குரலைத் தேடிப் படிப்பதுதான் அப்பீல் வக்கீலின் வேலை என்று நினைக்கிறேன். சட்டப் பாயிண்ட் எல்லாம் அதற்குப் பிறகு.

சந்தேகம் வந்தால் சிறைக்கு மனு போட்டு ஆளைப் பார்த்துப் பேசலாம். யாரும் தடுக்கவில்லை. ஃபீஸ் கணக்கில் அது வராது, அவ்வளவுதான்.