ஜனவரி 31க்குப் பிறகு வந்தவர்கள்

2020 டிசம்பரில் கொலம்பிய அதிபர் இவான் துகே ஒரு வானொலிப் பேட்டி கொடுத்தார். நாட்டில் ஆவணமில்லாமல் வாழும் வெனிசுவேலாக்காரர்களுக்குக் கொரோனா தடுப்பூசி கிடைக்காது என்று அதில் சொன்னார். கிடைக்கும் என்று அறிவித்தால் ஊசிக்காகவே ஆட்கள் எல்லையில் முண்டியடிப்பார்கள் என்பது அவர் காட்டிய காரணம். கண்டனங்கள் எழுந்தன. ஏழு வாரம் கழித்து, 2021 பிப்ரவரி 8 அன்று, அதே துகே ஐ.நா. அகதிகள் ஆணையர் ஃபிலிப்போ கிராண்டியுடன் நின்று வேறோர் அறிவிப்பைச் செய்தார். கொலம்பியாவில் இருக்கும் சுமார் 17 லட்சம் வெனிசுவேலாக்காரர்கள் பத்தாண்டுக் காலம் சட்டப்படி தங்கலாம், வேலை செய்யலாம் என்றார். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் அதுவரை செல்லத்தக்க ஆவணம் எதுவும் இல்லாதவர்கள்.

முதல் அறிவிப்புக்குப் பின்னால் ஒரு பழைய கேள்வி இருக்கிறது: சொந்த மக்களுக்கே போதாதபோது வந்தவர்களுக்கு எதற்கு? இதை வெறும் வெறுப்பு என்று தள்ளிவிட முடியாது. கொலம்பியா பணக்கார நாடல்ல. அரை நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் வீடு வாசலை விட்டு விரட்டப்பட்டவர்கள் என்று அரசின் பதிவேட்டில் ஏறிய கொலம்பியர்களே 80 லட்சத்துக்கு மேல். அங்கே உழைப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஓய்வூதியமோ நிலையான ஒப்பந்தமோ இல்லை. அரசு மருத்துவமனை வரிசையில் காலை முதல் நிற்கும் கொலம்பியப் பெண்ணுக்குத் தன் முறை எப்போது வரும் என்று கேட்க முழு உரிமை உண்டு. அவளுக்குப் பதில் சொல்லாத எந்த அறமும் அரைகுறையானதே.

பதில் தேடுவதற்கு முன், வந்தவர்கள் எப்படி வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். கூக்குட்டா நகருக்கு அருகிலுள்ள சிமோன் பொலிவார் பாலம்தான் இரு நாடுகளுக்கும் இடையிலான முக்கிய வாசல். 2015இல் வெனிசுவேலா அதிபர் மதுரோ எல்லையை மூடினார். பிறகு திறப்பதும் மூடுவதுமாகவே ஆண்டுகள் போயின. வாசலை அடைத்தால் பசி நின்றுவிடாது. ஆற்றையும் புதரையும் கடக்கும் ஒற்றையடிப் பாதைகளில் மக்கள் வந்தார்கள். அந்தப் பாதைகளை ஆயுதக் குழுக்கள் கையில் வைத்திருந்தன. காசு பறித்தார்கள், பெண்களைச் சீரழித்தார்கள், சிறுவர்களைத் தங்கள் படைக்கு இழுத்தார்கள். கடந்து வந்தவர்களில் பேருந்துக்குக் காசில்லாதவர்கள் கைக்குழந்தையோடு மூவாயிரம் மீட்டருக்கும் உயரமான குளிர் மலைவெளியை நடந்தே தாண்டினார்கள். இப்படி வந்தவர் கடவுச்சீட்டில் யார் முத்திரை குத்துவார்? முத்திரை இல்லாததை அவருடைய குற்றமாக எழுதுவது நியாயமில்லை.

மருத்துவத்தில் இந்த அநியாயம் கண்கூடாகத் தெரிந்தது. ஆவணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உயிருக்கு ஆபத்தென்றால் சிகிச்சை தர வேண்டும் என்பது கொலம்பியச் சட்டம். ஆவணமற்ற ஒரு கர்ப்பிணியின் வழக்கில் 2017இல் அரசியல் சாசன நீதிமன்றம், பேறுகாலக் கவனிப்பும் பிரசவமும் அவருக்கு உரியவை என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால் ‘அவசரம்’ என்ற எல்லைக்கு வெளியே நின்றவர்கள் ஏராளம்: தொடர்ந்து மருந்து வேண்டிய எச்.ஐ.வி. நோயாளி, டயாலிசிஸ் தேவைப்படுபவர், புற்றுநோயாளி. சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் தராமல் அனுப்பிவிட்டு, அவர் நினைவிழந்து விழுந்த பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ப்பது இரக்கமாகாது. சிக்கனமும் ஆகாது. வரிசையில் நிற்கும் அந்தக் கொலம்பியப் பெண்ணுக்கும் அதனால் ஒரு படுக்கை குறைகிறது. 2021 அறிவிப்பின்படி தரப்பட்ட அனுமதி அட்டை கையில் வந்த பிறகுதான் இவர்களால் மருத்துவக் காப்பீட்டில் சேர முடிந்தது.

பிறந்த குழந்தைகளின் நிலை இன்னும் மோசமாக இருந்தது. கொலம்பிய மண்ணில் பிறந்தாலும், பெற்றோர் சட்டப்படி அங்கே குடியிருப்பவர்களாக இல்லாவிட்டால் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை. 2019இல் இரு நாடுகளுக்கும் தூதரக உறவு முறிந்ததால் வெனிசுவேலாக் குழந்தையாகப் பதிவு செய்யவும் அப்போது வழியில்லாமல் போயிற்று. எந்த நாடும் தன்னுடையது என்று சொல்லாத 24,000க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அந்த ஆண்டு ஆகஸ்டில் கொலம்பியா குடியுரிமை கொடுக்க முடிவு செய்தது. போரின் காயம் ஆறாத ஒரு நாடு செய்த இந்தக் காரியத்துக்கு உலகம் கொடுத்த கவனம் மிகக் குறைவு.

அடுத்தது வேலை. வந்தவன் குறைந்த கூலிக்கு உழைத்து உள்ளூர்க்காரன் பிழைப்பைக் கெடுக்கிறான் என்ற புகார் எல்லா நாட்டிலும் உண்டு, அதில் உண்மையும் உண்டு. ஆனால் அவன் ஏன் குறைந்த கூலிக்குச் சம்மதிக்கிறான்? முதலாளி கூலியைப் பிடித்துக்கொண்டால் புகார் கொடுக்க அவனுக்கு இடமில்லை. காவல் நிலையத்துக்குப் போனால் தன் பெயரே முதலில் விசாரிக்கப்படும் என்ற பயம். அந்தப் பயத்தைத்தான் முதலாளி மலிவாக வாங்குகிறார். ஆவணம் கொடுத்தால் பயம் போகும், பக்கத்தில் வேலை செய்யும் கொலம்பியனின் கூலியும் பாதுகாக்கப்படும். 2018இல் கணக்கெடுப்பில் பதிந்த நாலரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான ஆவணமற்றோருக்கு வேலை அனுமதி பெற வழி திறக்கப்பட்டது. அதன் விளைவைப் பின்னர் பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். கொலம்பியத் தொழிலாளர்களின் வேலைவாய்ப்பில் சொல்லத்தக்க பாதிப்பு எதுவும் அவர்களுக்குத் தென்படவில்லை.

வேலை அனுமதியோடு திறமைக்குச் சான்றும் வேண்டும். 1957 முதல் இயங்கும் செனா என்ற அரசுத் தொழிற்பயிற்சி நிறுவனம் இலவசமாகப் பாடம் நடத்துகிறது. ஏற்கெனவே கைத்தொழில் தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்றிதழும் தருகிறது. இந்த இரண்டில் இரண்டாவதே மேலானது. கால் நூற்றாண்டு சுவர் எழுப்பிய கொத்தனாரை மறுபடி வகுப்பில் உட்கார வைப்பது உதவியாகாது. தெருவில் காபி விற்கும் பொறியாளருக்கும், சைக்கிளில் உணவு கொண்டுபோகும் ஆசிரியருக்கும் வேண்டியது அவர்களுடைய படிப்புக்கு அங்கீகாரம். அதற்கான சான்றொப்பத்தைத் தாயகத்திலிருந்து வாங்குவதே பெரும்பாடு. பயிற்சி கொடுத்தோம் என்று கணக்குக் காட்டுவது எளிது, அங்கீகாரம் கொடுப்பதுதான் கடினம். உதவும் அமைப்புகள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இங்கே இருக்கிறது.

கொலம்பியர்கள் சொல்லும் இன்னொரு நியாயம் உண்டு. எண்ணெய் வளம் கொழித்த காலத்தில் லட்சக்கணக்கான கொலம்பியர்கள் பிழைப்புக்கும் உயிருக்கும் வெனிசுவேலாவுக்கு ஓடினார்கள், இப்போது அந்தக் கடனைத் திருப்புகிறோம் என்கிறார்கள். நன்றி மறவாமை உயர்ந்த குணம். ஆனால் பாதுகாப்பை அதன்மேல் மட்டும் கட்டினால், கடன் கொடுத்திராதவர் கதி என்ன? 2021இல் நெகோக்லி என்ற கடலோரச் சிற்றூரில் ஆயிரக்கணக்கான ஹைட்டி நாட்டவர் தேங்கிக் கிடந்தார்கள், பனாமா எல்லையிலுள்ள டாரியன் காட்டுக்குப் போகும் படகுக்காக. வெனிசுவேலாக்காரர்களுக்கான அந்த ஏற்பாட்டில் அவர்களுக்கு இடமில்லை.

வெனிசுவேலாக்காரர்களிலும் எல்லாருக்கும் இடமில்லை. முத்திரையின்றி வந்தவர் 2021 ஜனவரி 31க்குள் வந்திருக்க வேண்டும். மறுநாள் அதே ஒற்றையடிப் பாதையில் வந்தவளுக்கு அட்டை கிடையாது. நிர்வாகத்துக்கு ஒரு தேதி வேண்டும் என்பது புரிகிறது, ஆனால் அந்தத் தேதி ஒருவருடைய தேவையை அளக்கும் கோல் அல்ல. பிள்ளைக்கு அட்டை இருந்து தாய் தந்தைக்கு இல்லாத குடும்பங்கள் உருவானதும் இதனால்தான். அத்தகைய பெற்றோருக்கென்று 2024இல் தனி அனுமதி அறிவிக்க வேண்டி வந்தது.

ஏறத்தாழ 20 லட்சம் பேருக்கு அட்டை கொடுத்த பிறகும் கொலம்பியா ஓரளவு தனியாகத்தான் நிற்கிறது. பெருமளவு நிதி கொடுத்துவந்த அமெரிக்கா 2025இல் வெளிநாட்டு உதவியை வெட்டியபோது, புலம்பெயர்ந்தோருக்கான பல சேவைகள் சுருங்கின. துகேயின் அறிவிப்பை மேடைகளில் பாராட்டிய பணக்கார நாடுகள் பாராட்டோடு நின்றுவிடக் கூடாது. மருத்துவமனைப் படுக்கைக்கும் செனாவின் சான்றிதழுக்கும் ஆகும் செலவில் பங்கேற்க வேண்டும். கொலம்பியா தன் பங்குக்கு, ஜனவரி 31க்குப் பிறகு வந்தவர்களுக்கும் பதிவை மறுபடி திறந்துவிட வேண்டும்.