பருவம் பார்க்கும் பரிவு

டிசம்பர்த் திங்கள் பிறந்துவிட்டால் வேளச்சேரிக்குப் புதுமுகம் வந்துவிடுகிறது. வீட்டு வாயில்களிலே காகித விண்மீன்கள் ஒளிர்கின்றன. கிறித்தவர் வீட்டுக் கேக்கும் பலகாரமும் இந்து வீட்டுக்கும் இசுலாமியர் வீட்டுக்கும் தட்டேறிச் செல்கின்றன. ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஆடை தருவோர், முதியோர் இல்லத்துக்கு உணவு அனுப்புவோர், காவற்காரர் கையிலே பணம் வைத்து வாழ்த்துவோர் எனப் பலரையும் காண்கிறோம். காண்பதிலே களிப்பும் அடைகிறோம். ஏழையின் முகத்திலே ஒருநாள் பூக்கும் சிரிப்பை எள்ளி நகையாட எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. மாம்பழத்துக்குப் பருவம் உண்டு; மல்லிகைக்குப் பருவம் உண்டு. மனிதத்தன்மைக்கும் பருவம் உண்டா?

1914-ஆம் ஆண்டு. முதல் உலகப்போர் மூண்டு ஐந்து திங்கள்கூட நிறையவில்லை. மேற்குப் போர்முனையின் பல இடங்களிலே, கிறிஸ்துமஸ் நாளன்று, ஆங்கிலேய வீரரும் ஜெர்மானிய வீரரும் பதுங்குகுழிகளை விட்டு வெளியே வந்தனர். கைகுலுக்கினர், புகையிலையும் தின்பண்டமும் மாற்றிக்கொண்டனர், மாண்டோரைப் புதைத்தனர். விழா முடிந்தது, வேட்டு முழங்கிற்று! 1918 வரை முழங்கிற்று! அந்த அன்பு பொய்யா? அன்று, மெய்யன்புதான். ஆனால், போரை நடத்திய ஏற்பாட்டைத் தொடாத அன்பு. எனவே ஒருநாள் அன்பு.

1843-இலே சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய கிறிஸ்துமஸ் கதையை நினைத்துப் பாருங்கள். கருமியான ஸ்குரூஜ், மனம் திருந்தியதும் தன் எழுத்தர் வீட்டுக்குப் பெரிய வான்கோழியொன்றை அனுப்புகிறான். அத்தோடு கதை நின்றிருந்தால் அது வெறும் விருந்துக் கதை. மறுநாள் அந்த எழுத்தரின் ஊதியத்தை உயர்த்துகிறான். அங்கேதான் அறம் தொடங்குகிறது! வான்கோழி ஒருவேளை உணவு. ஊதிய உயர்வு ஆண்டெல்லாம் அடுப்பெரிய வழி. முன்னது கொடை, பின்னது கடமை.

இந்த வேறுபாட்டை நம் வள்ளுவர் என்றோ உணர்ந்திருந்தார். ஈகைக்கு 23-ஆம் அதிகாரத்தைத் தந்தவர், அதற்கு முன்னே, 22-ஆம் அதிகாரத்திலே ஒப்புரவை வைத்தார். இல்லாதவன் கையேந்தும்போது கொடுப்பது ஈகை. கையேந்தும் நிலையே வராதபடி ஊரோடு ஒத்து வாழ்வது ஒப்புரவு. ஒப்புரவு முன்னே நிற்க, ஈகை பின்னே வரும் வரிசை, எண்ணிப் பார்க்கத்தக்க வரிசை.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்திலே அமைந்த வேளச்சேரி, இந்தப் பாடத்தை ஏட்டிலே மட்டும் படிக்கவில்லை. இடுப்பளவு நீரிலே நின்று படித்தது. 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கிய பெருமழை, தாம்பரத்திலே ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. நகரத் தெருக்களெல்லாம் ஆறுகளாயின. மீனவத் தோழர்கள் கடலோடும் படகைத் தெருவிலே ஓட்டினர். கோவிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் கதவு திறந்தன. சோற்றுப் பொட்டலத்தை நீட்டிய கை எந்தச் சாதியின் கை என்று எவரும் கேட்கவில்லை! பசி வந்தது, சாதி பறந்தது!

நீர் வடிந்தது. தெருவெங்கும் மலைமலையாய்க் குப்பை. அள்ளியவர் யார்? வெளிமாவட்டங்களிலிருந்தும் அழைத்துவரப்பட்ட தூய்மைப் பணியாளர்கள். பெரும்பாலும் எந்தச் சமூகத்தின் தலையிலே தலைமுறை தலைமுறையாய் அவ்வேலை சுமத்தப்பட்டதோ, அதே சமூகத்தவர். வெள்ளத்திலே பறந்த சாதி, சேற்றிலே வந்து அமர்ந்துகொண்டது! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல்மழை மீண்டும் வேளச்சேரியை மூழ்கடித்தபோதும் பொட்டலங்கள் வந்தன, பரிவு வந்தது, பிறகு துடைப்பமும் அதே கைகளுக்கே வந்தது.

"ஒருநாள் நல்லது செய்வதையும் குறை கூறுவதா? ஒன்றுமே செய்யாதிருப்பதினும் இது மேலல்லவா?" என்பர் சிலர். மேல்தான், மறுக்கவில்லை. ஆனால், அந்த ஒருநாள் ஒன்றை மெய்ப்பித்துவிடுகிறது: நம்மால் முடியும்! முடியும் என்று காட்டியபின், எஞ்சிய 364 நாளுக்கு என்ன சாக்கு?

"கொடுத்தால் புண்ணியம்" என்பர் வேறு சிலர். இங்கே கொடுத்து அங்கே பெறுவது வாணிகம். பெறுபவன் அதிலே வெறும் கருவி. அவனும் நம்மைப் போன்ற மனிதன் என்பதற்காகக் கொடுப்பதொன்றே கொடை.

வகுப்பறையிலே பிள்ளைகளுக்கு ஈகையைப் பற்றி எடுத்துரைக்கும் நாம், அவர்கள் கண்கள் எங்கே படிகின்றன என்பதையும் எண்ணவேண்டும். கிறிஸ்துமசுக்கோ பொங்கலுக்கோ வேலைக்காரப் பெண்மணிக்குப் புடவை தரும் இல்லத்திலே, அவருக்குத் தனிக் குவளை இருந்தால், பிள்ளை கற்பது புடவையையா, குவளையையா?

எனவே தோழர்களே, இந்த டிசம்பரிலும் கொடுங்கள், குறையாமல் கொடுங்கள். கொடுக்கும்போதே கேளுங்கள். காவற்காரருக்குக் கேக்கு தருகையிலே, அவருக்கு வார விடுமுறை உண்டா என்று கேளுங்கள். தூய்மைப் பணியாளருக்குத் துணி தருகையிலே, கையுறை உண்டா என்று கேளுங்கள். உரிய பாதுகாப்புக் கருவிகளின்றிக் கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. உங்கள் குடியிருப்பின் தொட்டியை எவர், எவ்வாறு தூய்மை செய்கிறார் என்று சங்கக் கூட்டத்திலே எழுந்து கேளுங்கள்.

விண்மீன் விளக்கை ஜனவரியிலே கழற்றிப் பரண்மேல் வைப்பது முறைதான். பரிவையும் கழற்றிப் பரண்மேல் ஏற்றுவது எவ்விதத்தில் முறை?