வெற்றியும் குணமும்

1942-இல், ஜப்பானியர் பிலிப்பைன்ஸைக் கைப்பற்றியிருந்த வேளையில், சொக்கோரோ ராமோஸ் என்னும் இளம்பெண் தம் கணவருடன் மணிலாவில் சிறு புத்தகக் கடையொன்றைத் திறந்தார். தணிக்கை காரணமாகப் புத்தகம் விற்க இயலாதபோது சவர்க்காரமும் மிட்டாயும் செருப்பும் விற்றார். 1945-இல் கடை போரில் எரிந்தது. மீண்டும் எழுப்பியதை 1948-இல் சூறாவளி சிதைத்தது. மறுபடியும் தொடங்கினார். அதுவே நாடெங்கும் கிளை பரப்பிய 'நஷனல் புக் ஸ்டோர்'.

இத்தகையோர் உயர்ந்தது எதனால்? விடாமுயற்சி, சிக்கனம், நாணயம் என்போம். மறுப்பதற்கில்லை. ஆனால் குணமே வெற்றி தந்தது என்னும்போது, வெல்லாதவரிடம் குணமில்லை என்றும் சொல்லாமற் சொல்லிவிடுகிறோமே!

அந்நாட்டுச் சந்துகளில் உள்ள 'சாரி-சாரி' என்னும் சில்லறைக் கடைகளை நோக்குவோம். பெரும்பாலும் வீட்டு யன்னலே கடை. சிகரெட்டை ஒவ்வொன்றாகவும் எண்ணெயைச் சிறு பொட்டலமாகவும் விற்கிறாள் ஒரு தாய். காசில்லாத அயலவருக்குக் கொப்பியில் எழுதிக் கடன் கொடுக்கிறாள். 'சூக்கி' என்பது அங்கே வாடிக்கையாளர், வியாபாரி இருவரையுமே குறிக்கும் சொல். (எத்துணை அழகான சொல்!) விடியுமுன் எழும் இவள் உழைப்பில் யாருக்குக் குறைந்தவள்? நாணயத்தில்தான் குறைந்தவளா? கடன் திரும்பாத மாதத்தில் இவளது முதலே கரைகிறது. கண்டிப்பாக மறுத்திருந்தால் கடை பெருத்திருக்கலாம். அடுத்த வீட்டில் அன்று உலை ஏறியிராது.