சேர்ந்து ரசிக்க ஒருவர்

பாடியவருக்கும் எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் பட்டம் கொடுப்பது எங்கும் உள்ள வழக்கம். ரசித்தவருக்கும் பட்டம் கொடுத்தவர்கள் நாம். டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) காவியம் எதுவும் இயற்றியவர் அல்லர். நல்ல பாடல் ஒன்று கண்ணில் பட்டால் நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு, அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி மகிழ்வார். திருநெல்வேலியில் அவர் வீட்டில் கூடிய அந்த நண்பர் குழாத்துக்கு வட்டத்தொட்டி என்று பெயர். தமிழுலகம் அவரை ரசிகமணி என்றே அழைத்தது. அவருடைய நெருங்கிய நண்பர்களில் ஒருவர் நம் காவிரிக்கரைக்காரரான கல்கி. மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்தில் 1899இல் பிறந்தவர். ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் அவர் எழுதிய சங்கீத விமர்சனங்கள், ஸ்வரம் படிக்காதவரையும் கச்சேரியைப் பற்றித் துணிந்து பேச வைத்தன.

நெடுநாளாக என்னை விடாத கேள்வி ஒன்று உண்டு. ஒரு பாட்டோ படமோ நமக்குப் பிடித்துவிட்டால் அது போதாதா? அதைப் பற்றிப் பேச இன்னொருவர் எதற்கு? காதுக்கும் கண்ணுக்கும் துணை வேண்டியதில்லைதான். ஆனால் நல்ல தோடி ராகம் ஒன்றைக் கேட்டு முடித்த மறுகணம் மனம் ஆள் தேடுகிறது.

தஞ்சைச் சீமையில் இந்தத் தேடல் ஊர் வழக்கமாகவே இருந்திருக்கிறது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நாகசுரம் வாசிக்கிறார் என்று தெரிந்தால் சுற்றுவட்டாரத்தார் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்டதைப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். சுவாமி புறப்பாட்டில் கேட்க டிக்கெட் கிடையாது. தேரோடும் வீதியில் நின்றவர்கள் அத்தனை பேருக்கும் அந்தத் தோடி சொந்தம். விடியும் நேரத்தில் வண்டி திரும்பும், பேச்சு மட்டும் அறுவடை வரைக்கும் ஓடும். பாடகர்கள் என்று வந்தால், ஜி.என். பாலசுப்ரமணியத்தின் பிருகாக்களுக்கு ஒரு கட்சி, செம்மங்குடி சீனிவாச ஐயரின் அழுத்தத்துக்கு ஒரு கட்சி என்று திண்ணைகள் பிரிந்து நின்றன. மறுநாளும் அதே திண்ணையில் அதே ஆட்கள்தான் வந்து உட்கார்ந்தார்கள்.

பாட்டுக்கு அடுத்தபடியாக இந்தத் திண்ணைகள் பேசியது பத்திரிகைப் படங்களை. வாரப் பத்திரிகையின் தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, வரிசை பிசகாமல் அடுக்கி, பைண்டு செய்து வைக்காத வாசக வீடு அன்று குறைவு. 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ அவருடைய ‘கல்கி’ பத்திரிகையில் வந்தபோது அதற்குப் படம் வரைந்தவர் மணியம். சோழர் காலத்தை யாரும் கண்டதில்லை. குந்தவையின் நிமிர்வையும் நந்தினியின் பார்வையையும் இரவுக் கடலில் போகும் படகையும் அவர் வரைந்து காட்டிய பிறகு, அவை நாமே ஒருமுறை கனவில் கண்டவைபோல் ஆகிவிட்டன. பின்னாளில் வினு, பத்மவாசன் போன்றவர்கள் அதே கதைக்கு வேறு முகங்கள் கொடுத்தார்கள். எது உண்மையான வந்தியத்தேவன் என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. தீரவும் வேண்டாம்.

கோபுலு (1924–2015) தஞ்சாவூரிலேயே பிறந்தவர், கும்பகோணத்தில் ஓவியம் படித்தவர். கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் விகடனில் ‘தில்லானா மோகனாம்பாள்’ எழுதியபோது நாகசுரக்காரரையும் ஆட்டக்காரியையும் தவில்காரரையும் கோடுகளில் கொண்டுவந்தவர் அவரே. 1968இல் அது திரைப்படமானபோது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாகசுரம் கூடவே ஒலித்தது. அதற்கு முன்பே அந்தத் தொடரைப் படித்தவர்களுக்குக் கோபுலுவின் கோட்டிலேயே நாகசுரம் கேட்டிருக்கிறது.

அந்தத் தொடரின் பைண்டு ஒன்றை இன்றும் பத்திரமாக வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் எனக்கு நண்பர். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர், என் தந்தையைவிட மூத்தவர். நான் மணியம் கட்சி, அவர் கோபுலு கட்சி. ஒருநாள் ஒரு படத்தை என் பக்கம் திருப்பிவைத்து, “தம்பி, முகத்தை விடுங்க. அந்தத் தவில்காரர் தோளைப் பாருங்க. அடி விழப்போவுதுன்னு தோளே சொல்லுது பாருங்க” என்றார். அந்தப் படத்தை நான் பல முறை பார்த்திருக்கிறேன். அந்தத் தோளை அவர்தான் காட்டினார்.

என் கேள்விக்கான விடையின் முதல் பாதி இதில் இருக்கிறது. தனியாக ரசிக்கும்போது நமக்கு ஏற்கெனவே பிடித்ததையே திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். சக ரசிகர் பக்கத்தில் இருந்தால் அதே படத்தில் நாம் பாராத இடம் ஒன்று திறந்துகொள்கிறது. நமக்குப் பிடித்தது ஏன் பிடித்தது என்று அவருக்குச் சொல்ல முயலும்போதுதான் நமக்கே அது தெளிகிறது.

மறுபாதி உறவைப் பற்றியது. சொந்தக்காரரிடம் கடமை இருக்கிறது, கூட வேலை செய்பவரிடம் காரியம் இருக்கிறது. சக ரசிகரிடம் பெறவும் கொடுக்கவும் ரசனையைத் தவிர வேறொன்றும் இல்லை. இந்த உறவு நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அயர்லாந்தில் ஷான் நோஸ் என்ற பழைய பாணிப் பாட்டு உண்டு. பக்கவாத்தியம் இல்லாமல் ஒருவர் தனியே பாடுவார். கேட்பவர்களில் ஒருவர் சில சமயம் பாடுபவரின் கையைப் பிடித்துக்கொள்வார், மற்றவர்கள் நடுநடுவே உற்சாகக் குரல் கொடுப்பார்கள். நம் சபையில் தொடையில் தாளம் போட்டு “பலே” என்று சொல்பவரை அந்த ஊர்க்காரர்கள் உடனே புரிந்துகொள்வார்கள் என்று நம்புகிறேன்.

ஆனால் ஒரே பாட்டை விரும்புகிறவர்கள் எல்லாரும் தாமாகவே ஒன்றாக உட்கார்ந்துவிடுவதில்லை. திருவையாற்றின் வரலாறே அதற்குச் சான்று. 1847இல் மறைந்த தியாகராஜருக்குக் காவிரிக்கரையில் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தம் சொத்தைச் செலவிட்டு 1921இல் தொடங்கி 1925இல் குடமுழுக்கு செய்தார். அந்தச் சந்நிதியில் பெண்கள் பாட அன்று இடமில்லை. பெரிய கட்சி, சின்ன கட்சி, நாகரத்தினம்மாளைச் சுற்றித் திரண்ட பெண்கள் என்று ஆராதனை மூன்றாகப் பிரிந்து நடந்தது. 1940ஐ ஒட்டித்தான் எல்லாரும் ஒன்றானார்கள். இன்று ஆராதனை நாளான பகுள பஞ்சமியன்று ஆணும் பெண்ணும் எதிரெதிர் வரிசையில் அமர்ந்து பஞ்சரத்தினம் பாடுவது போராடிப் பெற்ற காட்சி. சாதியும் பாலினமும் பணமும் ரசனைக்குக் குறுக்கே வேலி போடும். அதைப் பிடுங்குவதும் ரசிகரின் வேலைதான்.

இன்று வேலி வேறு வடிவில் வருகிறது. ஆளுக்கொரு காதுபொறி, ஆளுக்கொரு பட்டியல். அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பதைக் கைப்பேசி முடிவு செய்கிறது. நமக்குப் பிடிக்காத ஒன்றைக் கேட்க வேண்டிய கட்டாயம் ஒருபோதும் வருவதில்லை. இன்னொரு பக்கம், தம் பாடகரை யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது என்று காவல் நிற்கும் கூட்டம். முன்னதில் பேச ஆளில்லை, பின்னதில் பேச இடமில்லை. நானும் அந்தப் பெரியவரும் மணியமா கோபுலுவா என்று இத்தனை காலமாக முரண்படுகிறோம். அந்த முரண்தான் எங்களைத் திரும்பத் திரும்பச் சந்திக்க வைக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய இருண்ட பாதையில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. வெள்ளை யானைமேல் சுந்தரர், குதிரைமேல் சேரமான் பெருமாள், இருவரும் கயிலைக்குப் போகிறார்கள். நாயக்கர் கால ஓவியம் அவற்றின்மேல் படிந்து பல நூற்றாண்டுகள் மறைத்திருந்தது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டு சொன்ன பிறகே உலகம் அறிந்தது. அதுவரை அந்த நிறங்கள் அங்கேதான் இருந்தன, பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. ஒரு கலை அழியாமல் கிடப்பது வேறு, வாழ்வது வேறு. இன்னொருவரை அழைத்து “இங்கே பாருங்கள்” என்று ஒருவர் சொல்லும்போதுதான் அது வாழ்கிறது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய பைண்டு ஏதாவது இருந்தால் அதைப் பழைய பேப்பர்காரரிடம் எடை போட்டுவிடாதீர்கள். கீழே இறக்கித் தூசி தட்டுங்கள். வீட்டில் மூத்தவர் ஒருவர் இருந்தால் எந்தப் படம் அவருக்குப் பிடிக்கும், எந்தக் கச்சேரியை மறக்கவில்லை என்று கேளுங்கள். உங்கள் பிள்ளை கேட்கும் பாட்டு உங்களுக்குப் புரியாவிட்டாலும் முழுவதும் கூட இருந்து கேளுங்கள், பிறகு வாதாடுங்கள். நல்ல வேலையும் நல்ல வீடும் தேடுகிற அக்கறையில் ஒரு பங்காவது, சேர்ந்து ரசிக்க ஒருவரைத் தேடுவதற்கும் வேண்டும்.